கைத்தூய்மைக் கணக்கும் கையடக்கச் சோதனைக் கருவியும்

(பெங்களூர் காக்ஸ் டவுனில், மருத்துவமனைப் பணியாளரும் அப்பகுதிக் குடியிருப்போரும் கூடிய கூட்டமொன்றில் மைய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பொறியியல் வல்லுநனும் அல்லன். பொருளாதாரம் பயின்று, அரசின் கணக்குகளோடும் கொள்முதல் கோப்புகளோடும் நெடுங்காலம் பழகியவன். மருத்துவமனையில் கைகழுவுவதைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கைகழுவுவது எப்படி என்று செவிலியருக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. அவர்கள் கைகழுவியதை எண்ணுகின்ற கம்பியில்லாக் கருவிகள் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. அவை சொல்லும் எண் மெய்யானதா என்று எவ்வாறு அறிவது? இந்தக் கேள்வி கணக்குப் பார்ப்பவனுக்கும் உரியது என்பதால் உங்கள் முன் நிற்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதிக்கே தூய்மைக் கணக்கோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. கன்டோன்மென்டின் நெருக்கமான தெருக்களில் மக்கள் மடிந்தனர். அதன் பின்னரே காற்றோட்டமும் வடிகாலும் உள்ள புதிய குடியிருப்புகள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அண்டையிலுள்ள ஃபிரேசர் டவுனுக்கு 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கன்டோன்மென்டில் ஆட்சியராக இருந்த காக்ஸ் என்பவரின் பெயரால் இந்தக் காக்ஸ் டவுனும் எழுந்தது. நகரத்தில் முதன்முதலாகத் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டதுகூடப் பிளேக் தடுப்புப் பணியை ஒருங்கிணைப்பதற்காகவே என்று நகர வரலாற்றை எழுதியோர் கூறுவர். அன்று கம்பி வழியே சென்ற செய்தி, எந்தத் தெருவில் எத்தனை பேர் நோயுற்றனர் என்பது. இன்று கம்பியில்லாமல் செல்லும் செய்தி, எந்த வார்டில் எத்தனை முறை கை தூய்மை செய்யப்பட்டது என்பது.

இச்செய்திக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1847-ஆம் ஆண்டில் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பணியாற்றினார். அங்கு மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற் பிரிவில், அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் பிரசவித்த தாய்மாரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் காய்ச்சலால் இறந்தனர். பிணக்கூடத்திலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் கைகளே காரணம் என அவர் துணிந்தார். மே திங்களின் நடுவில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஜூன் திங்களில் இறப்பு 2.2 விழுக்காடாகவும், ஜூலையில் 1.2 விழுக்காடாகவும் இறங்கியது. கிருமி என்ற ஒன்று அப்போது எவருக்கும் தெளிவாகத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்ட இறப்புப் பதிவேடு ஒன்றே. எனினும் அவர் வாழ்நாளில் பெரும்பாலான மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. 1865-இல் அவர் காலமானார்.

நம் காலத்திற்கு வருவோம். ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்பாரின் குழு, படுக்கைதோறும் ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புத் திரவத்தை வைத்து, பணியாளரிடையே தொடர்ந்து பரப்புரை செய்தது. 1994-இல் 48 விழுக்காடாக இருந்த கைத்தூய்மைக் கடைப்பிடிப்பு 1997-இல் 66 விழுக்காடாயிற்று. மருத்துவமனையிலேயே தொற்றிக்கொள்ளும் நோய்களின் அளவு, 1994-இல் 16.9 விழுக்காடாக இருந்தது 1998-இல் 9.9 விழுக்காடாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளிகளில் செல்வ நாடுகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கும், நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் இத்தகைய தொற்று ஏற்படுகிறது. ஓர் ஏழைக் குடும்பம் மேலும் பத்து நாள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதன் சேமிப்பு என்னாகும், கூலி இழப்பு எவ்வளவு என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அதை நேரில் கண்டிருப்பீர்கள்.

ஆகவே கைத்தூய்மையை அளக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல்.

வழக்கமான முறை, ஒருவர் பலகையும் தாளுமாக வார்டில் நின்று பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த ஐந்து தருணங்களை நீங்கள் அறிவீர்கள்: நோயாளியைத் தொடுமுன், தூய செய்முறைக்கு முன், உடல்நீர்கள் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய சுற்றுப்புறத்தைத் தொட்டபின். இத்தனை தருணங்கள் வந்தன, இத்தனையில் கை தூய்மை செய்யப்பட்டது என்று பார்வையாளர் குறிப்பார். தருணத்தின் தன்மையைப் பகுத்தறிய மனிதக் கண்ணைவிடச் சிறந்த கருவி இன்றும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அவர் ஒரு நாளில் ஒரு மணி நேரம் நிற்பார். எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரமும் கணக்கில் வாரா. இரவுப் பணியை யாரும் பார்ப்பதில்லை. மேலும், பார்க்கப்படுகிறோம் என்று அறிந்தவர் நடந்துகொள்ளும் விதமே வேறு.

இதனைப் பொருளாதார மாணவர்கள் ஹாதார்ன் விளைவு என்று படிப்பார்கள். சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கிய விளக்கொளி ஆய்வுகளிலிருந்து வந்த பெயர் இது. சுவையான செய்தி ஒன்று: அந்தப் பழைய விவரங்களை லெவிட், லிஸ்ட் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் தேடியெடுத்து மீண்டும் கணக்கிட்டு 2011-இல் வெளியிட்டபோது, புகழ்பெற்ற அந்த விளைவு அவ்விவரங்களில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்றே கண்டனர். பெயர் கொடுத்த இடத்தில் ஐயமாகிப்போன விளைவு, மருத்துவமனையில் ஐயமின்றிக் காணப்பட்டது. கனடாவின் டொரன்டோ நகர மருத்துவமனை ஒன்றில், சுவரிலுள்ள டிஸ்பென்சர்களில் மின்னணு எண்ணிகளைப் பொருத்தி ஆராய்ந்தனர். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்த டிஸ்பென்சர்கள், அவர் இல்லாத இடங்களில் இருந்தவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு பயன்படுத்தப்பட்டன. பார்வையாளர் எழுதும் தொண்ணூறு விழுக்காட்டை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்குதான் கம்பியில்லாக் கண்காணிப்புக் கருவி நுழைகிறது. அதன் அமைப்பு எளியதே. கைத்தேய்ப்புத் திரவமோ சோப்போ தரும் டிஸ்பென்சருக்குள் ஒரு சிறு எண்ணியும் அலைபரப்பியும் பேட்டரியும் இருக்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், “நான் இன்ன எண்ணுள்ள டிஸ்பென்சர், இப்போது ஒருமுறை இயங்கினேன்” என்று அது ஒரு சமிக்ஞை அனுப்பும். அறை வாசலில் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் மற்றோர் எண்ணி, உள்ளே செல்வோரையும் வெளியே வருவோரையும் எண்ணும். சில அமைப்புகளில் பணியாளர் சட்டையில் குத்தும் அடையாளப் பட்டையும் அலை அனுப்பும். கூரையருகே உள்ள திரட்டி இவற்றையெல்லாம் வாங்கி, கணினிக்குக் கொடுக்கும். டிஸ்பென்சர் இயங்கிய எண்ணிக்கையை வாசல் கடந்த எண்ணிக்கையால் வகுத்தால் கடைப்பிடிப்பு விழுக்காடு வரும். தொகுதி மேலே, பகுதி கீழே. ஆறாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்குத்தான் ஆளை ஏமாற்றும். ஒரு வார்டை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளில் 400 முறை வாசல் கடக்கப்படுகிறது. 240 முறை கை தூய்மை செய்யப்படுகிறது. கடைப்பிடிப்பு 60 விழுக்காடு. அவ்வார்டிலுள்ள நான்கு டிஸ்பென்சர்களில் ஒன்றன் பேட்டரி தீர்ந்துவிட்டது. திரவம் வருகிறது, சமிக்ஞை வரவில்லை. நான்கும் சமமாகப் பயன்படுவதாகக் கொண்டால், கணினிக்கு 180 மட்டுமே தெரியும். விழுக்காடு 45. மறுநாள் வார்டின் தலைமைச் செவிலியருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். அவர் என்ன விளக்கம் தருவார்? கழுவினோம் என்பார். கணினி இல்லை என்னும். கணினி பொய் சொல்லாது என்று நிர்வாகி நம்புவார்.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. டிஸ்பென்சர்கள் நான்கும் நன்றாக இருக்க, வாசல் எண்ணி மட்டும் பழுதாகி 400-க்குப் பதிலாக 300 என்று எண்ணினால், 240-ஐ 300-ஆல் வகுக்க 80 விழுக்காடு வந்துவிடும். யாரும் முறையிடமாட்டார்கள். பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைக்கும். தாழ்ந்த எண்ணைக் கண்டு பத்துப் பேர் கூச்சலிடுவர். உயர்ந்த எண்ணைச் சோதிக்க ஒருவரும் முன்வரார். அரசுக் கணக்குகளிலும் இதைக் கண்டிருக்கிறேன்.

காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் நீங்கள் காய்கறி வாங்கும்போது வியாபாரியின் மின்னணுத் தராசை நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. 2009-இல் இயற்றப்பட்ட சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ், அத்தராசு குறித்த கால இடைவெளியில் முத்திரை ஆய்வாளரால் சோதிக்கப்பட வேண்டும். அவர் கையில் தரப்படுத்தப்பட்ட எடைக்கற்கள் இருக்கும். தராசு என்ன சொல்கிறது என்று தராசையே கேட்பதில்லை. தான் கொண்டுவந்த கல்லை வைத்துப் பார்க்கிறார். பெட்ரோல் நிலையத்தில் ஐந்து லிட்டர் அளவைக்கலம் வைத்திருப்பதும் இதற்காகவே. கத்தரிக்காய்க்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, ஒரு செவிலியரின் நற்பெயரை நிறுக்கும் கருவிக்கு இல்லை. அந்த எடைக்கல்லின் இடத்தில் வைக்கத்தக்கதே நான் சொல்ல வந்த கையடக்கச் சோதனைக் கருவி.

அது கையில் பிடிக்கும் அளவானது. சிறு திரையோ, சில வண்ண விளக்குகளோ இருக்கும். இரண்டு வேலைகளைச் செய்யும். ஒன்று, கேட்பது. டிஸ்பென்சர் அருகே நின்று அதை ஒருமுறை அழுத்தினால், அது அனுப்பும் சமிக்ஞையைத் தானே வாங்கி, எந்த எண்ணுள்ள டிஸ்பென்சர், சமிக்ஞை எவ்வளவு வலிமை, பேட்டரி எந்நிலையில் என்று திரையில் காட்டும். மற்றொன்று, நடிப்பது. தானே ஒரு டிஸ்பென்சர் போல அதே அலைவரிசையில் சோதனைச் செய்தி அனுப்பி, திரட்டியிலிருந்து “கேட்டேன்” என்ற மறுமொழி வருகிறதா என்று பார்க்கும்.

இவ்விரண்டும் சேர்ந்தால் குற்றம் எங்கே என்பது புலனாகிவிடும். டிஸ்பென்சரை அழுத்தினீர்கள், கையிலுள்ள கருவிக்குக் கேட்கவில்லை. அப்படியானால் பேட்டரியோ அலைபரப்பியோ பழுது. ஏணி வைத்துக் கூரையைத் திறக்க வேண்டியதில்லை. கருவிக்குக் கேட்டது, ஆனால் கணினியில் பதிவாகவில்லை. அவ்விடத்திலிருந்தே கருவி அனுப்பிய சோதனைச் செய்தியும் திரட்டியை அடையவில்லை. அப்படியானால் டிஸ்பென்சர் குற்றமற்றது. இடையிலுள்ள சுவரோ தூரமோ திரட்டியோ காரணம். சோதனைச் செய்தி சென்று சேர்கிறது, டிஸ்பென்சரின் செய்தி மட்டும் சேரவில்லை என்றால், அதன் அலை வலிமை குன்றியுள்ளது என்றோ, அதன் எண் கணினியின் பட்டியலில் பதிவு செய்யப்படவில்லை என்றோ கொள்ளலாம். பின்னதே அடிக்கடி நேரக்கூடியது; பழைய டிஸ்பென்சரை மாற்றிப் புதியதை மாட்டியவர், கணினிப் பிரிவுக்குச் சொல்ல மறந்திருப்பார்.

சமிக்ஞையின் வலிமையைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். அது டெசிபெல் என்ற அலகில், மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும். ஒரு மில்லிவாட் என்பது சுழியம். பத்து டெசிபெல் இறங்கினால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். ஆகவே திரையில் மைனஸ் 60 என்று தெரிந்தால் நல்ல வலிமை. மைனஸ் 90 என்று தெரிந்தால், அது ஒரு வாட்டில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணியதையும் கருவிகள் கேட்டுவிடுகின்றன என்பது வியப்பே. ஆனால் விளிம்பில் நிற்கும் சமிக்ஞை, வார்டு காலியாக இருக்கும்போது கேட்கும். பார்வையாளர் நேரத்தில் அறை நிறைய ஆட்கள் நிற்கும்போது கேட்காது. இத்தகைய கருவிகள் பல பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். மனித உடலோ பெரும்பகுதி நீர். எனவே அதிகாலையில் ஆளில்லாத வார்டில் சோதித்துவிட்டுச் சான்று எழுதுவது போதாது. மாலைச் சந்தடியிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

நம் மருத்துவமனைக் கட்டடங்களும் இதற்கு இடையூறு செய்வனவே. கன்டோன்மென்ட் காலத்துத் தடித்த சுவர்கள் ஒருபுறம். கம்பி நெருக்கமாகக் கட்டிய கான்கிரீட் மறுபுறம். லிஃப்டின் இரும்புக்கூடு, எக்ஸ்-ரே அறையின் ஈயத்தகடு, மருந்து வைக்கும் எஃகு அலமாரி ஆகியவை அலையை மறிக்கும். பணியாளர் உணவறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பும், வைஃபை இணைப்புகளும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். ஆதலால் சோதனைக் கருவியின் முதற் பயன் கருவிகளை மாட்டிய பிறகு தொடங்குவதன்று, மாட்டுமுன்னரே தொடங்குவது. டிஸ்பென்சர் வரவிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் அதைப் பிடித்துச் சோதனைச் செய்தி அனுப்பி, நூறில் எத்தனை சேர்ந்தன என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டால், எத்தனை திரட்டிகள் வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும். விற்பவர் பத்து வேண்டும் என்பார்; ஆறு போதும் என்று வரைபடம் சொல்லக்கூடும். ஐந்து போதும் என்று அவர் மலிவாக மதிப்பீடு தந்திருந்தால், எட்டு வேண்டும் என்றும் சொல்லக்கூடும்.

அலைவரிசையைப் பற்றி அரசு அலுவலன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் 2005-ஆம் ஆண்டின் அறிவிக்கைகளால், ஆற்றல் வரம்புக்குட்பட்டு, உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. அமெரிக்காவில் இத்தகைய கருவிகளுக்கு 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் வழங்குகிறது. நம் நாட்டில் அப்பகுதி அவ்வாறு திறந்துவிடப்படவில்லை. அதில் ஒரு கூறு கைப்பேசி நிறுவனங்களுக்கு உரியது. வெளிநாட்டு உறவினர் அனுப்பினார், நன்கொடையாக வந்தது என்று அத்தகைய கருவியை மாட்டினால், சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, கைப்பேசிகளின் இரைச்சலில் அது ஒழுங்காக எண்ணவும் எண்ணாது. மையத் தகவல்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு வழங்கும் கருவி வகை ஒப்புதல் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சோதனைக் கருவியும் அலை அனுப்புவதே. அதற்கும் இது பொருந்தும்.

வாசல் எண்ணியைச் சோதிக்க அலைவலிமை மட்டும் போதாது. இதற்கு ஆள் நடக்க வேண்டும். முன்னரே எழுதிவைத்த வழியில் ஒருவர் பத்து முறை உள்ளே சென்று பத்து முறை வெளியே வரட்டும். ஆறு முறை டிஸ்பென்சரை அழுத்தட்டும். கையிலுள்ள கருவியிலும் கணினியிலும் இருபது, ஆறு என்றே வர வேண்டும். பிறகு இருவர் தோளோடு தோள் சேர்ந்து செல்லட்டும், ஒருவராக எண்ணுகிறதா? உணவு வண்டியைத் தள்ளிச் செல்லட்டும். வண்டியை மனிதராக எண்ணுகிறதா? நோயாளியைக் காண வரும் உறவினரைப் பணியாளரிலிருந்து பிரித்தறிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வி நம் நாட்டில் முதன்மையானது. நம் வார்டுகளில் நோயாளி ஒருவர், துணைக்கு இருவர், பார்க்க வருவோர் நால்வர். அடையாளப் பட்டை இல்லாத அமைப்பில் இவர்களெல்லாரும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடுவார்கள். கைகழுவாத பழி செவிலியருக்குப் போகும்.

சோதிப்பவரே தவறிழைக்கக்கூடிய இடங்களும் உண்டு. அவர் அழுத்திப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்பென்சர் கணக்கில் ஏறும். நாற்பது டிஸ்பென்சரை மும்மூன்று முறை அழுத்தினால் 120 தூய்மைச் செயல்கள் இனாமாகச் சேர்ந்துவிடும். சோதனை நேரத்தைக் கணினியில் குறித்து, அவ்வெண்களை நீக்கும் வழி இருக்க வேண்டும். மேலும், படுக்கை படுக்கையாக ஒரே கருவியைக் கையிலேந்திச் செல்பவர், கிருமியையும் படுக்கை படுக்கையாகக் கொண்டுசெல்லக்கூடும். தூய்மையைச் சோதிக்கும் கருவி தொற்றைப் பரப்பும் கருவியாகலாமா? ஒவ்வோர் அறைக்கும் முன்னும் பின்னும் கருவியை ஆல்கஹால் துணியால் துடைத்து, தம் கையையும் தூய்மை செய்துகொள்ள வேண்டும். கருவி வாங்கும்போது, அதன் மேலோடு அவ்வாறு துடைப்பதைத் தாங்குமா என்றும் கேளுங்கள்.

சோதனைக் கருவியை யார் சோதிப்பது என்ற கேள்வி எழும். எடைக்கல்லுக்கும் மேல் ஒரு கல் உண்டல்லவா? ஆண்டுக்கு ஒருமுறை ஏற்புடைய ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மைய அரசின் மின்னணுத் துறையைச் சார்ந்த தரச்சோதனை இயக்ககத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இதே நகரில் பீனியாவில் உள்ளது. நாள்தோறும் செய்யக்கூடியது இன்னும் எளிது. நல்ல நிலையிலுள்ள ஒரு டிஸ்பென்சரை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, சுற்றுக்குப் புறப்படுமுன் ஒரே தூரத்தில் நின்று அழுத்தி, நேற்று காட்டிய வலிமையையே இன்றும் காட்டுகிறதா என்று ஏட்டில் எழுதுவது.

இனிப் பணத்திற்கு வருகிறேன். இங்கு சுற்றுவட்டாரத்தில் முப்பது படுக்கை கொண்ட சிறு மருத்துவமனைகள் பல உண்டு. அவற்றின் உரிமையாளர்கள், நாங்களும் இக்கருவியை வாங்க வேண்டுமா என்று கேட்டால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் விடை. முதலில் குழாயில் எப்போதும் நீர் வரட்டும். ஒவ்வொரு படுக்கைக்கும் கையெட்டும் தூரத்தில் கைத்தேய்ப்புத் திரவம் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் இத்திரவத்திற்கு வெளியிட்டுள்ள வாய்பாட்டில் 80 விழுக்காடு எத்தனாலோ 75 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, அதனுடன் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடும் கிளிசராலும். வேறு மருமம் எதுவுமில்லை. அளப்பதற்கும் செலவில்லாத வழி ஒன்றுண்டு. திங்கள்தோறும் எத்தனை லிட்டர் திரவம் தீர்ந்தது, எத்தனை நோயாளி-நாட்கள் என்று கணக்கிடுங்கள். ஆயிரம் நோயாளி-நாட்களுக்கு 20 லிட்டராவது செலவாக வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீட்டு அளவுகோல்களில் ஒன்று. இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். யார் கழுவினார், எப்போது கழுவினார் என்பது தெரியாது என்ற குறை உண்டு. ஆனால் பேட்டரி தீராது.

பெரிய மருத்துவமனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வாங்கலாம். வாங்குவோர் ஒப்பந்தப்புள்ளியிலேயே மூன்று விதிகளைச் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். கையடக்கச் சோதனைக் கருவி தனிப்பொருளாக, தனி விலையோடு குறிக்கப்பட வேண்டும்; அது விற்பவரின் பொறியாளர் பையில் மட்டும் இருந்தால், தராசுக்காரரே எடைக்கல்லையும் வைத்திருப்பது போலாகும். இறுதித் தவணைப் பணம், மருத்துவமனைப் பணியாளர் தம் கையால் ஒவ்வொரு டிஸ்பென்சரையும் சோதித்து ஒப்பமிட்ட பிறகே வழங்கப்பட வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், பழுதென்று சோதனை காட்டியதைச் சரிசெய்யும் காலக்கெடு நாட்கணக்கில் எழுதப்பட வேண்டும். நிறுவும் செலவுக்கு நிதி கிடைத்துவிடும். மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றக் கணக்குத் தலைப்பு இராது. நம் நிறுவனங்களில் நல்ல கருவிகள் பல மூலையில் கிடப்பதன் கதை பெரும்பாலும் இதுவே.

பணியாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 42 மருத்துவமனைகளின் பணியாளர்களை இத்தகைய மின்னணு முறையில் கண்காணித்துத் திரட்டிய விவரங்களை ஆராய்ந்தவர்கள், கண்காணிப்புத் தொடங்கியதும் கடைப்பிடிப்பு உயர்ந்ததையும், கண்காணிப்பை நிறுத்தியதும் அது முன்பிருந்த நிலைக்கும் கீழே இறங்கியதையும் கண்டனர். கண்ணுக்காக மட்டும் செய்யப்பட்டது, கண் போனதும் போய்விட்டது. மற்றோர் ஆய்வில், பன்னிரண்டு மணி நேரப் பணியின் தொடக்கத்தைவிட முடிவில் கடைப்பிடிப்பு சராசரியாக 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. களைத்த கை கழுவ மறக்கிறது. ஒரு செவிலியர் மூவர் வேலையைச் செய்யும் வார்டில் எந்தக் கருவியை மாட்டினாலும் அது காட்டப்போவது ஆள் பற்றாக்குறையைத்தான். அந்த எண்ணை வைத்து ஆளைத் தண்டிப்பதா, ஆளைக் கூட்டுவதா என்பதை நிர்வாகம் கருவி வாங்குமுன்னரே எழுத்தில் முடிவு செய்து அறிவிக்கட்டும். சோதனை ஏட்டையும் செவிலியர் பார்க்க உரிமை இருக்கட்டும். அன்று மூன்றாம் எண் டிஸ்பென்சர் ஊமையாக இருந்தது என்று அவரே சுட்டிக்காட்ட முடியுமானால், குறிப்பாணைகள் பாதி குறையும்.

மைய நலவாழ்வு அமைச்சகத்தின் காயகல்ப் திட்டம் 2015-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்கு மதிப்பெண் வழங்கிப் பரிசளித்து வருகிறது. கைத்தூய்மையும் அந்த மதிப்பீட்டில் ஓர் அங்கம். இனிவரும் ஆண்டுகளில் மின்னணுக் கருவி தரும் எண்களும் இத்தகைய மதிப்பீடுகளுக்குச் சான்றாகக் காட்டப்படலாம். அப்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அந்தக் கருவி கடைசியாக எந்நாளில், யாரால் சோதிக்கப்பட்டது என்ற ஒரு பத்தியும் படிவத்தில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

மேசைமேல் ஒரு டிஸ்பென்சரும் சோதனைக் கருவியும் வைக்கப்பட்டுள்ளன. திரட்டி பின்சுவரில் உள்ளது. முதலில் இப்படியே அழுத்திப் பார்ப்போம். அடுத்து, முன்வரிசையில் உள்ள செவிலியர் பத்துப் பேர் எழுந்துவந்து நடுவில் நெருக்கமாக நிற்பார்கள். அப்போது திரையில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம். மூன்றாவதாகப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அழுத்துவோம். திரவம் வழக்கம்போல வரும். பின்வரிசையில் இருப்பவர்கள் அருகே வந்து திரையைப் பார்க்கலாம்.